புளிக்காத கீரை

தம்பி, கல்யாணப் பத்திரிகை அச்சாகி நேற்றுச் சாயங்காலம் வந்துவிட்டது. உன் பேரும் பவித்ரா பேரும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. அப்பா பேருக்குப் பக்கத்தில் 'இராணுவம், ஓய்வு' என்று போடச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு நாலு மூலையிலும் தடவ உட்கார்ந்தேன். ஒரு கட்டு முடிந்ததும் கை ஓடவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று மனசு அரிக்கிறது. அது என்னவென்று எனக்கே பிடிபடவில்லை. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் மகனுக்குப் புத்தி சொல்வது ஊர் வழக்கம்தான். ஆனால் நான் எந்தப் புத்தியைச் சொல்லலாம் என்று யோசித்தாலும் அதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்மை போலவே தெரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாத பாதியும் அதில் இருக்கிறது.

போன வருஷம் பங்குனி வெயிலில் நீ பெங்களூரிலிருந்து இரண்டு பைகளோடு வந்து இறங்கினாய். "வேலைய விட்டுட்டேம்மா" என்று மட்டும் சொன்னாய். கொஞ்ச நாள் இளைப்பாறிவிட்டு வேறு வேலை தேடுவாய் என்று நினைத்தேன். நீ மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குக் காலையில் கிளம்பும்போதும் கதவு சாத்தியிருக்கும், நாளெல்லாம் துணிச் சுருள்களில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வரும்போதும் சாத்தியிருக்கும். தட்டில் வைத்த சோறு காய்ந்து கிடக்கும். "என்னப்பா நடந்துச்சு, அம்மாட்ட சொல்லு" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்காத நாள் இல்லை. நான் கேட்கக் கேட்க, உள்ளே தாழ்ப்பாள் இன்னும் இறுகுவது போலவே எனக்குத் தோன்றும். அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. மில் கேட்டில் இரவெல்லாம் காவல் இருந்துவிட்டு வருவார், குளிப்பார், மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார், படுத்துவிடுவார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று நான் அப்போது நினைத்தது உண்டு.

பிறகு ஆவணியில் ஒரு நாள் நான் எழுந்திருக்கும்போது நீ எனக்கு முன்னால் எழுந்து தலைக்குக் குளித்து, அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு என் கண்ணையே நம்ப முடியவில்லை. அந்த வாரம் பார்சல் ஒன்று வந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருந்தோமே, அந்தச் சின்ன அறையை நீயே கூட்டிச் சுத்தம் செய்தாய். ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டினாய். ஓரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் வெளிச்சம் கசிந்தது. கேட்டதற்கு "கம்ப்யூட்டர் மீட்டிங்குக்கு லைட்டும்மா, மூஞ்சி நல்லாத் தெரியும்" என்றாய். நான் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. தெருவில் யார் கேட்டாலும் "பையன் வீட்டுல இருந்தே வேலை பாக்கான்" என்று சொன்னேன். அந்த நாட்களில் நான் உன்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்பது இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. நீ எழுந்து நடமாடினாய், தட்டைக் கழுவி வைத்தாய், எனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கு வார விடுமுறையான ஒரு நாள், மதுரையில் ஒரு சிநேகிதனைப் பார்க்க வேண்டும் என்று நீ பஸ் ஏறிப் போனாய். அப்பா வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். வானம் மூடிக்கொண்டு வந்ததால் கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்கு ஏறினேன். அந்த அறையின் கதவை நீ பூட்ட மறந்திருந்தாய், காற்றில் திறந்து திறந்து அடித்துக்கொண்டிருந்தது. சாத்தலாம் என்று போனவள் உள்ளே பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளித் தாள், மேலே அந்த ஊதா விளக்கு, ஒரு மூலையில் சின்ன மின்விசிறி. கீழே வரிசையாகக் கறுப்புப் பைகளில் ஒரு சாண் உயரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செடிகள். வெயில் படாத அறைக்குள் அப்படி ஒரு பசுமை. இலைகள் கைவிரல் போலப் பிரிந்து, ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மண் ஈரமாக இருந்தது. கம்ப்யூட்டர் எங்கே என்று கூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை ஊருக்குத் தெரியாமல் தோட்டம் போட்டிருக்கிறானே, பேசக் கூச்சப்பட்டு மறைத்திருக்கிறானே என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த மாடியில் கஸ்தூரி அக்கா மிளகாய் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, இது என்ன கீரை?" என்று கைப்பிடிச் சுவருக்கு மேலே நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஏட்டி, இது தெரியலையா? கோங்கூரா. உங்க பாஷையில புளிச்சகீரை. எங்க அம்மா வீட்டுல இது இல்லாம சோறே இறங்காது. தம்பியா வளக்கான்? செத்த எனக்கும் பறிச்சுக் குடு." தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர்கள், அந்தக் கீரையை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? நான் மறுபடியும் உள்ளே போய் எல்லாச் செடியிலும் நுனியை மட்டும் கிள்ளினேன். மறுபடி துளிர்க்கட்டும் என்று அடியை விட்டேன். பாதியை அக்காவுக்குக் கொடுத்தேன். மீதியை வதக்கி, மிளகாயும் பூண்டும் வைத்துத் துவையல் அரைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிப்பே இல்லை, ஒரு பச்சை வாடைதான் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினேன். பசிக்கிற நேரமாகிவிட்டதால் நான் முதலில் சாப்பிட்டேன். நீ வளர்த்தது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அப்பா எழுந்து வந்து உட்கார்ந்ததும் சோறு போட்டுத் துவையலை ஓரத்தில் வைத்தேன். "என்ன கீரை இது?" என்றார். "புளிச்சகீரை. உங்க மகன் மாடியில வளத்துருக்கான், தெரியுமா உங்களுக்கு?" என்று பெருமையாகச் சொன்னேன். பிசையப் போன கை அப்படியே நின்றது. "நீ தின்னியா?" "தின்னேன். ஏன்?" "எம்புட்டு?" அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, அது கீரை இல்ல. கஞ்சா."

எனக்கு அந்தச் சொல் விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பேப்பரில் மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள் என்று படிப்போமே, அதுவும் நம் வீட்டுத் தொட்டிப் பக்கத்து அறையும் ஒரே நினைப்பில் சேர மாட்டேன் என்றன. சேர்ந்ததும் வேறொன்று நினைவு வந்தது. "ஏங்க, பாதிய கஸ்தூரி அக்காட்ட குடுத்துட்டேன்" என்றேன். அப்பா முகம் வெளுத்தது. கஸ்தூரி அக்கா வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான்.

செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை. நான் போகும்போது அக்கா சுளகில் இலையைப் பரப்பிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏட்டையா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கொழுந்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று, "அக்கா, அந்தக் கீரைக்கு மருந்து அடிச்சிருக்கானாம், இப்பதான் தெரிஞ்சுச்சு, திங்க வேண்டாம்" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அக்கா, "அடப் பாவமே, நல்லா அலசுனாப் போயிரும்டி" என்றார்கள். ஏட்டையா தலையைத் தூக்கவே இல்லை. "வேண்டாம் கஸ்தூரி. குடுத்துரு. இது கசக்கும்" என்றார். அக்கா எனக்காகவும் கீரைக்காகவும் வருத்தப்பட்டுக்கொண்டே சுளகோடு தந்தார்கள். நான் திரும்பியபோது அவரும் எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி வந்ததும் எடுத்துரச் சொல்லும்மா. இன்னைக்கு நான் ஒண்ணும் பாக்கல. நாளைக்கும் பாக்காம இருக்க என்னால ஏலாது" என்றார். அவருக்கு நான் ஒரு கும்பிடு கூடப் போடவில்லை. சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சாயங்காலம் நீ வரும் வரைக்கும் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். வாய் உலர்ந்து போயிருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் முடியவே முடியாதது போலிருந்தது. திடீரென்று சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. இலைதான் இப்படிச் செய்கிறதா, இல்லை கேட்ட சேதியா? இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை, இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை. பிஞ்சு இலையில் ஒன்றும் இருக்காது என்று நீ பிற்பாடு சொன்னாய். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஏறிய தலைச்சுற்றல் முழுசாக இறங்கிவிட்டது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நீ வந்தாய். மாடிக்குப் போனாய். தலை கிள்ளின செடிகளைப் பார்த்துவிட்டு "யாரும்மா?" என்றாய். "நான்தான். துவையல் அரைச்சேன்." நீ என்னைத் திட்டுவாய், அல்லது தலைகுனிவாய் என்று நினைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாய். "படபடங்குதா? கண்ணு இருட்டுதா? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஊருக்கு வந்ததிலிருந்து நீ என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை, தம்பி. அந்த நேரத்தில் உன் மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கையை எடுத்துவிடுவாயோ என்றுதான் பயமாக இருந்தது.

அப்பா முக்காலியைப் போட்டு வாசலை மறித்து உட்கார்ந்தார். "ஒரு செடி வச்சிருந்தாலும் கேஸு. தெரியுமா தெரியாதா?" "தெரியும்ப்பா." "தெரிஞ்சுமா?" நீ கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். பிறகு, "தூக்கம் வரல. அங்க இருக்கும்போது அது இருந்தா தூங்குவேன். இங்க யாருட்டப் போய்க் கேக்க? அதான் நானே போட்டேன்" என்றாய். "ஆனா இது வளந்து உதவுறதுக்கு இன்னும் எம்புட்டோ நாள் ஆகும். அது தெரிஞ்சுதான் தெனமும் தண்ணி ஊத்துனேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல." நான் அப்பாவைப் பார்த்து, "இலையைப் பாக்காமலே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார். பட்டாளத்தில் இருந்தபோது பஞ்சாபில் பதான்கோட் பக்கம் ரோட்டோரம் புதர் புதராக நிற்குமாம். தொட்டி நிரம்பி வழிந்த அன்றைக்குக் குழாயை மூட மாடிக்குப் போனவர், ஜன்னல் பேப்பர் கிழிசல் வழியாக உன் செடிகளைப் பார்த்திருக்கிறார். அது நடந்து பல நாள் ஆகிவிட்டதாம்.

"பாத்துட்டா சும்மா இருந்தீக?" என்று நான் கத்தினேன். உனக்கு எதிரே நான் அவரைப் பார்த்துக் கத்தியது அன்றைக்குத்தான். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆறு மாசமா செத்தவன் கணக்கா கெடந்தான். இந்தச் செடி வந்த பொறவுதான் விடியுமுன்ன எந்திரிச்சான், குளிச்சான், சோறு தின்னான். தண்ணி ஊத்தணுமேன்னு எந்திரிக்கான். அதப் புடுங்குன்னு நான் எந்த வாயால சொல்ல? பெருசாகுமுன்ன அவனே சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன்." நீ அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். அவர் கொஞ்சம் இருமிவிட்டு, "இப்ப காத்திருக்க ஏலாது. ஏட்டையா பாத்துட்டாரு. புடுங்கிரு தம்பி" என்றார்.

நீ ஒவ்வொன்றாகப் பிடுங்கினாய். வேர் அறாமல், மண்ணை விரலால் நெகிழ்த்தி, நட்டுவைக்கப் போகிறவன் மாதிரி பிடுங்கினாய். வாடை அடங்கட்டும் என்று நான் சாணி கரைத்த வாளியில் வாங்கி அமுக்கினேன். எரித்தால் வாடை தெருவெல்லாம் போகும் என்று அப்பா கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். மறுநாள் ஏட்டையா தன் மாடிக்கு வந்து நம் பக்கம் ஒரு தடவை பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அக்காவுக்கு இன்று வரை ஒன்றும் தெரியாது, கீரை புளிக்கவே இல்லை என்று மட்டும் ஒரு நாள் சொல்லிவைத்தேன்.

எல்லாம் சரியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது நீ திரும்பவும் படுத்துவிட்டாய். முன்னைவிட மோசமாகப் படுத்தாய். நாங்கள் செய்தது சரியான காரியம். சந்தேகமே இல்லை, அந்தச் செடி நம் வீட்டில் இருக்கக் கூடாது. ஆனால் சரியான காரியம் உன்னைப் படுக்க வைத்தது, தப்பான காரியம் உன்னை எழுப்பி உட்கார வைத்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு தாய் மகனுக்கு என்ன புத்தி சொல்வாள்? வேலை விட்டு வந்து சாயங்காலங்களில் மேலே போய், ஒன்றுமில்லாத அந்த அறையில் விளக்கைப் போட்டுவிட்டு வருவேன். கீற்று வெளிச்சத்தைப் பார்த்தாவது நீ கதவைத் திறக்க மாட்டாயா என்று. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. கரண்டுக்குப் பிடித்த கேடு என்று அப்பா ஒரு நாளும் சொல்லவில்லை. அவரும் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கஸ்தூரி அக்கா ஒரு நாள் காகிதப் பொட்டலம் ஒன்றைச் சுவருக்கு மேல் நீட்டினார்கள். "தம்பி போட்ட விதை சரியில்லைட்டி, புளிப்பே இல்லைன்னியே. இது எங்க அண்ணன் தேவதானத்துலேருந்து குடுத்து விட்டது. இதப் போடச் சொல்லு. மருந்து அடிக்க வேண்டாம்னு சொல்லு." அதை உன் கதவுக்கு வெளியே வைத்தேன். மூன்று நாலு நாள் அங்கேயே கிடந்தது. பிறகு காணோம். மாடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை, அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆனால் முளைத்து நாலு இலை விட்டதும் எனக்குப் பிடித்தது வேறு பேய். விரல் விரலாக அதே இலை, ஓரத்தில் அதே ரம்பப் பல். காம்பில் கொஞ்சம் சிவப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்த ஊதா வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது. பொட்டலத்தில் இருந்த விதைதானா இது, இல்லை பழைய விதையில் மிச்சம் வைத்திருந்தாயா? உன்னைக் கேட்டால் புண்படுவாய், கேட்காவிட்டால் என் நெஞ்சு வேகும். நீ குளிக்கப் போகும் சமயம் மேலே ஏறி ஒரு செடியில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவேன். புளிக்கும். நிம்மதியாக இறங்கி வருவேன். மறுநாள் அடுத்த செடி புளிக்குமா என்று தோன்றும். ஒரு நாள் நான் மென்றுகொண்டிருக்கும்போது நீ ஈரத் தலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நீ கேட்டாய்: "புளிக்குதாம்மா?" "புளிக்குது" என்றேன். நீ உள்ளே வந்து ஓரத்துச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி நீயும் மென்றாய். இரண்டு பேரும் மென்றுகொண்டு நின்றோம். நீ என்னை மன்னித்தாயா, கேலி செய்தாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அப்பா உன்னை மதுரையில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனார். நீ மறுக்காமல் போனாய். மாத்திரை சாப்பிட்டாய். தூங்கினாய். மாதக்கணக்கில் போய் வந்தீர்கள். பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு அப்பா "ஒண்ணும் பேசல" என்றார். சித்திரையில் உனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. நீ போன பிறகு நான் அந்த அறையைக் கழுவிவிட்டேன், கீரை காய்ந்து விதைக்கு நின்றது. உன்னை எழுப்பியது டாக்டர் மாத்திரையா, கீரையா, கேட்காமல் இருந்த அப்பாவா, வெறும் காலமா என்று நான் யோசிக்காத நாள் இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தது உதவியதா, கெடுத்ததா என்பதும் தெரியவில்லை. 'மனைவியிடம் எதையும் மறைக்காதே' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அப்பா மறைத்ததால்தான் நீ அத்தனை நாள் காலையில் எழுந்தாய் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத பாதி. புரட்டாசிச் சனிக்கிழமை பவித்ராவோடு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். மலை ஏறுகிற கூட்டத்தில் அவள் அம்மா முன்னால் போய்விட, நாங்கள் இரண்டு பேரும் படியில் வரிசையோடு நின்றோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் சாமியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "அத்தை, மாடியில வளத்த செடியப் பத்தி அவிய சொன்னாக" என்றாள். இந்தக் கல்யாணம் இந்தப் படியிலேயே நின்றுபோகும் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க துவையல் அரைச்சதையும் சொன்னாக. சொல்லும்போது அவியளுக்கு அழுக வந்துருச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொறவு நானும் அழுதுட்டேன்" என்றாள்.

நான் பூட்டி வைத்திருந்ததை நீயே திறந்து கொடுத்திருக்கிறாய். எனக்குச் சந்தோஷமா, பொறாமையா, தெரியவில்லை. அவள் அதோடு நிறுத்தவில்லை. "அத்தை, பெங்களூர்ல இருந்து அவிய ஏன் வந்தாக?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். "எனக்கும் தெரியாது. கேட்டேன். 'அது சொல்ல வரல'ன்னாக. நான் கேக்கணுமா, விட்டுரணுமா?" பெரியவள் என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? "உங்க மாமா கேக்காமலே இருந்தாக. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவன் ரெண்டு பேருட்டயும் சொல்லல" என்றேன். வரிசை நகர்ந்தது. அவள் நாலைந்து படி ஏறி நின்று, திரும்பி, "அப்ப நான் கேக்கேன் அத்தை. அப்பப்ப கேப்பேன். கோவிச்சாக் கோவிக்கட்டும். நான் எங்கயும் போகப் போறதில்ல" என்றாள். சொல்லிவிட்டு, மூச்சு வாங்குகிறதா என்று என்னைக் கேட்டாள்.

தம்பி, அவளுக்கு என்னைப் போலக் குழப்பம் இல்லை. அவள் செய்யப் போவது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் கேட்கத்தான் போகிறாள். நாளைக்கோ, பிள்ளை பிறந்த பிறகோ, நீ சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிற ஒரு காலையிலோ கேட்பாள். சொல்ல வந்தால் அவளிடம் சொல். வரவில்லை என்றால் 'இன்னைக்கு வரல' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடாதே. அது என்னவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இதை எழுதும்போது எனக்குத் தெரிய வேண்டும் போலவும் இருக்கிறது. அதை நீ பொருட்படுத்தாதே.